சிறுநீர்ப்பையும் நுண்ணுயிர்களும்

உடல்நலமுடையோரின் சிறுநீரில் கிருமிகள் இல்லை என்பது நெடுங்காலம் மருத்துவ மாணவர்க்குப் போதிக்கப்பட்டு வந்த பாடம். நேயர்களே, அப்பாடம் உருவான வரலாறும் உடைந்த வரலாறும் பெண்களின் உடல்நலத்தோடு நெருங்கிய தொடர்புடையவை.

1863ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், புதிய சிறுநீரைத் தூய கலத்தில், காற்றிலுள்ள தூசு படாமல் காத்து வைத்தார். அது அழுகவில்லை. உயிர் தானே தோன்றுவதில்லை என்பதை நிலைநாட்டவே அவர் முயன்றார். ஆயினும், சிறுநீர் இயல்பிலேயே கிருமியற்றது என்னும் கருத்துக்கும் இத்தகைய சோதனைகள் வலுவூட்டின.

1956இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் எட்வர்ட் காஸ் என்னும் மருத்துவர் ஓர் எல்லை வகுத்தார். ஒரு மில்லிலீற்றர் சிறுநீரில் 1,00,000 கிருமிகளேனும் இருப்பின் அது தொற்று; குறைந்தால், சேகரிக்கும்போது கலந்த மாசாக இருக்கலாம். பயனுள்ள அளவுகோலே அது. ஆனால் நாளடைவில் அது மாறாச் சட்டம் போலாயிற்று. எரிவும் வலியும் தாங்காது வந்த பெண்கள் பலருக்கு, எண்ணிக்கை குறைந்த காரணத்தால், நோயில்லை என்ற விடையே கிடைத்தது. அத்தகைய நோயாளரிடத்து 100 கிருமிகளும் பொருளுடையவை என்பதை வால்ற்றர் ஸ்ராம் குழுவினர் 1982இல் காட்டினர்.

பழைய சோதனையில் சிறு துளி நீரே எடுக்கப்படும். காற்றில், ஏறக்குறைய ஒரு நாளே வளர்க்கப்படும். மெதுவாக வளர்வனவும் காற்றை வெறுப்பனவும் அதில் தென்படா. சிக்காகோவின் லொயோலா பல்கலைக்கழகத்தார் கூடுதல் நீரெடுத்து, பலவகைச் சூழல்களில் நெடுநேரம் வளர்த்தனர். 2014இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், குழாய் வழியாகப் பெற்ற 65 பெண்களின் சிறுநீரில் 52இல் பற்றீரியாக்கள் வளர்ந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றைப் பழைய சோதனை ‘வளர்ச்சியில்லை’ என்றே அறிவித்திருந்தது.

அவை யாவும் பகையல்ல. லக்ரோபசிலசு என்னும் இனம் அங்கு இயல்பாக வாழ்வது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பெண்பாலுறுப்பில் ஈஸ்திரோசன் களிம்பு இடப்பட்டபோது அங்கு இவ்வினம் மீண்டது. ஆண்டுக்குச் சராசரி சிறுநீர்த்தொற்று, மருந்தற்ற களிம்பு இட்டோரில் 5.9 ஆக இருக்க, இவர்களில் 0.5 ஆகவே இருந்தது. இது 1993இல் வெளியான ஆய்வின் முடிவு.

ஆகவே, கிருமி உண்டென்றாலே நோய் என்பதுமில்லை. அறிக்கையில் கிருமி இல்லையென்றால் துன்பம் பொய் என்பதுமில்லை. கருவுற்றிருத்தல் போன்ற சில நிலைகள் தவிர, அறிகுறியற்றவர்க்குக் கிருமிக்கொல்லி மருந்து வேண்டுவதில்லை. வேதனையுடையவரோ, ஓர் எண்ணைக் கண்டு வாளாவிருக்க வேண்டுவதில்லை. மீண்டும் மருத்துவரை நாடுவதே முறை.