வீடியோ பார்க்கிறவங்களை உங்க வலைப்பூவுக்கு வரவைப்பது எப்படி?

அஸ்தினாபுரத்தில் ஒரு அக்கா, வீட்டு முன்ரூமிலேயே மெஷின் போட்டு ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிறார்னு வச்சுக்குவோம். ‘லைனிங் ப்ளவுஸ் கட்டிங்’னு மொபைலில் ஒரு வீடியோ எடுத்து யூடியூபில் போடுறார். நல்லா ஓடுது. ஆனா, கமென்ட்ல ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. ‘அக்கா, 38 சைஸுக்கு அளவு சொல்லுங்க!’

அவர் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் டைப் பண்ணிட்டே இருக்கலாம். இல்லைனா, எல்லா சைஸுக்கும் ஒரு அளவு அட்டவணையைத் தன் வலைப்பூவில் ஒரே ஒரு முறை எழுதி வச்சுட்டு, அங்கே வரச் சொல்லலாம். செய்முறை வீடியோ மூலமா வலைப்பூவுக்கு வாசகர்களைக் கொண்டு வர்ற வித்தை மொத்தமும் இந்த ரெண்டாவது வழியில்தான் இருக்கு. சமையல், தையல், மாடித்தோட்டம், எக்செல், கிடார்னு நீங்க எதைச் சொல்லிக்கொடுத்தாலும் இது பொருந்தும்.

யூடியூப் இருக்கும்போது வலைப்பூ எதுக்கு?

2020 ஜூன் 29 ஞாபகம் இருக்கா? டிக்டாக் உட்பட 59 ஆப்களுக்கு மத்திய அரசு தடை போட்ட நாள். அதுவரை டிக்டாக்கில் மட்டுமே இருந்தவங்க, சேர்த்து வச்ச ஃபாலோயர்ஸை ஒரே ராத்திரியில் இழந்தாங்க. ‘நான் இப்போ இங்கே இருக்கேன்’னு சொல்றதுக்குக்கூட வழியில்லாமப் போச்சு.

யூடியூப், இன்ஸ்டாகிராம் எல்லாமே வாடகை வீடு மாதிரிதான். வசதி இருக்கும், ஜனநடமாட்டம் இருக்கும். ஆனா, சாவி வேற ஒருத்தர் கையில். யூடியூபில் விளம்பர வருமானம் வரணும்னாலே 1,000 சப்ஸ்கிரைபர்ஸும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேணும் (ஷார்ட்ஸுக்குத் தனிக் கணக்கு). அதுவரை உங்களைத் தேடி ஆர்டரோ, டியூஷன் விசாரிப்போ வரணும்னா உங்களுக்குனு ஒரு முகவரி இருக்கிறது நல்லது.

தமிழில் வலைப்பூக்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், 2004-ல் தொடங்கிய ‘தமிழ்மணம்’ மாதிரியான திரட்டிகள்தான் வாசகர்களைக் கூட்டிட்டு வந்தன. அந்த வேலையை இப்போ வீடியோ செய்யுது.

இவங்க எப்படிச் செஞ்சாங்க?

அமெரிக்காவில் இருந்த சல்மான் கான், 2004-ல் தன் உறவுக்காரப் பெண்ணுக்கு தூரத்தில் இருந்தே கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சார். பயிற்சிக் கணக்குகளுக்காக ஒரு இணையதளத்தையும் அவரே எழுதினார். 2006-ல் பாடங்களை யூடியூபில் போட்டார். ‘நேர்ல நீங்க சொல்றதைவிட வீடியோவே நல்லா இருக்கு’னு உறவுக்காரப் பசங்க சொன்னதா அவரே பின்னாடி சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கார். காரணம் சிம்பிள். நிறுத்தி, திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். அதுதான் கான் அகாடமியா வளர்ந்துச்சு. வீடியோவில் புரிஞ்சுக்கணும், தளத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கணும். ரெண்டுக்கும் தனித்தனி வேலை.

நம்ம நாட்டில், ஐஐடி பாம்பேயின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம். மென்பொருள்களைச் சொல்லிக்கொடுக்கும், சுமார் 10 நிமிட வீடியோக்கள். தமிழ்க் குரலிலும் கிடைக்குது. ஸ்க்ரீனின் ஒரு பாதியில் வீடியோவை ஓடவிட்டு, மறுபாதியில் நாமளும் செஞ்சு பார்க்கணும் என்பது அவங்க முறை. பேசுறது அத்தனையும் நேரக் குறிப்போட எழுத்தாகவும் தளத்தில் இருக்கும்.

தமிழில், 2012-ல் தொடங்கிய ‘கணியம்’ இணைய இதழ். கட்டற்ற மென்பொருள்களை எளிய தமிழில் கட்டுரை, மின்னூல், வீடியோனு சொல்லிக்கொடுக்குறாங்க. வீடியோவில் ஒரு கட்டளையைப் பார்த்துப் பார்த்து டைப் பண்றதைவிட, எழுத்தில் இருந்து காப்பி பண்றது ஈஸிதானே?

மூணு பேர்கிட்டயும் ஒரு விஷயம் பொது. கை அசைவை வீடியோ காட்டுது. அளவு, பட்டியல், பயிற்சி எல்லாத்தையும் பக்கம் பத்திரமா வச்சிருக்கு.

நீங்க செய்ய வேண்டியவை

1. முதலில் பக்கம், அப்புறம் வீடியோ. ஷூட்டிங்குக்கு முன்னாடியே பதிவை எழுதி முடிச்சுடுங்க. என்னென்ன படிகள்னு தெளிவாகும். வீடியோவில் உளறலும் குறையும்.

2. பக்கத்தில் என்ன இருக்கணும்? வீடியோவில் பார்த்து மனசுல நிக்காத விஷயங்கள். அளவு அட்டவணை, தேவையான பொருள்கள், வழக்கமா நடக்கிற தப்புகளும் அதைச் சரிசெய்யும் வழியும். விலை மாதிரி மாறுகிற விவரங்களும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஏன்னா, யூடியூபில் ஏத்திய வீடியோவை அதே லிங்க்கில் வேறொரு வீடியோவா மாத்த முடியாது. பதிவை எப்போ வேணும்னாலும் திருத்தலாம்.

3. வீடியோ முழுசா இருக்கணும். ‘மீதியைத் தெரிஞ்சுக்க லிங்க்கைத் தட்டுங்க’னு பாதியில் வெட்டாதீங்க. நம்பி வந்தவங்க கடுப்பாகி அப்படியே போயிடுவாங்க. பக்கத்துக்கு வராதவங்களும் உங்க வீடியோவை மட்டும் பார்த்து ஒரு ப்ளவுஸை வெட்டி முடிக்கணும்.

4. தேவைப்படும் நொடியில் சொல்லுங்க. ஆர்ம்ஹோல் அளவைக் குறிக்கும்போதே, ‘மத்த சைஸுக்கான அட்டவணை என் வலைப்பூவில் இருக்கு, லிங்க் கீழே’னு ஒரு வரி போதும். கடைசியில் சொன்னா, அதுக்குள்ள பாதிப் பேர் அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பாங்க.

5. லிங்க் முதல் வரியிலேயே. டிஸ்கிரிப்ஷனில் மேலே இருக்கிற ஓரிரு வரிகள்தான் கண்ணில் படும், மீதி மறைஞ்சிருக்கும். வலைப்பூவின் முகப்புக்குக் கொடுக்காம, அந்தந்தப் பதிவுக்கான நேரடி லிங்க்கையே கொடுங்க. புது சேனலா? செட்டிங்ஸில் கூடுதல் வசதிகளுக்கான சரிபார்ப்பை முடிச்சுடுங்க. இல்லைனா லிங்க் தட்ட முடியாத வெறும் எழுத்தா நிற்கும்.

6. ஷார்ட்ஸை நம்பி லிங்க் போடாதீங்க. 2023 ஆகஸ்ட் 31-ல் இருந்து ஷார்ட்ஸின் டிஸ்கிரிப்ஷனிலும் கமென்ட்டிலும் போடுற லிங்க் வேலை செய்யாது. ஷார்ட்ஸ் மூலமா முழு வீடியோவுக்கு அழைச்சு, அங்கிருந்து பக்கத்துக்குக் கூட்டிட்டு வாங்க.

7. நேரக் குறிப்பு கொடுங்க. டிஸ்கிரிப்ஷனில் 0:00-ல் தொடங்கி, குறைஞ்சது மூணு நேரக் குறிப்புகளை வரிசையா எழுதினா, வீடியோ பகுதி பகுதியா பிரியும். ஒவ்வொரு பகுதியும் 10 நொடியாவது இருக்கணும். அதே தலைப்புகளைப் பதிவுக்குள்ள உபதலைப்பா வச்சுட்டா, பார்க்கிறவங்க இடம் தெரியாம முழிக்க மாட்டாங்க.

8. வீடியோவையும் பதிவில் பதிச்சு வைங்க. கூகுளில் தேடி நேரா பக்கத்துக்கு வர்றவங்க வீடியோவைப் பார்ப்பாங்க. போக்குவரத்து ரெண்டு பக்கமும் நடக்கும். வீடியோவை மட்டும் ஒட்டிட்டு எழுத்தே இல்லாம விட்டா, தேடுறவங்க கண்ணில் அந்தப் பக்கம் படுறது கஷ்டம்.

9. மொபைலில் திறந்து பாருங்க. வர்றவங்க பெரும்பாலும் போனில் இருந்துதான் வருவாங்க. அவங்க தேடி வந்த அட்டவணை மேலேயே இருக்கணும். முன்கதை, பெரிய படங்கள் எல்லாம் கீழே போகட்டும்.

யார் வர்றாங்கனு தெரிஞ்சுக்கலாமா?

யூடியூபில் இருந்து எத்தனை பேர் வந்தாங்கனு வலைப்பூவின் புள்ளிவிவரப் பகுதியிலேயே ஓரளவு தெரியும். எந்தச் சொல்லைத் தேடி வந்தாங்கனு கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ இலவசமாவே காட்டும். ஒரே கேள்வியை நிறைய பேர் தேடினா, அதுதான் உங்க அடுத்த வீடியோ.

சாவி உங்க கையில் இருக்கட்டும்

பிளாகர் இலவசம்தான், ஆனா அதுவும் கூகுளுடையதுதான். அதனால, முடிஞ்சப்போ சொந்த டொமைன் பெயர் வாங்கிடுங்க. நாளைக்கு வேற தளத்துக்கு மாறினாலும் முகவரி மாறாது. மாசத்துக்கு ஒரு முறை பதிவுகளை பேக்கப் எடுங்க. பிளாகர் செட்டிங்ஸிலேயே அதுக்கு வழி இருக்கு. ஒரிஜினல் வீடியோக்களை ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைங்க.

இதெல்லாம் ஒரே வாரத்தில் பலன் தராது. முதல் சில வீடியோக்களுக்கு விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் வருவாங்க. பரவாயில்லை. அந்த அக்காவின் அட்டவணையைப் பார்த்து முதல் ப்ளவுஸை வெட்டிய ஒருத்தர், அடுத்த துணியை மேஜையில் விரிக்கும்போது மறுபடியும் அதே பக்கத்தைத்தான் திறப்பார். இன்னைக்கே உங்க பழைய வீடியோ ஒன்றை எடுங்க. கமென்ட்ல அதிகமா வந்த கேள்வி எதுனு பாருங்க. அதுக்கான பதில்தான் உங்க முதல் பதிவு.