கொள்வோர் மொழியில் விற்றல்

வேலூர் காந்தி வீதியில் நடப்பார் ஒருவர், ஆங்குள்ள விடுதிகளின் பெயர்ப்பலகைகளைச் சற்றே நிமிர்ந்து நோக்குவாராயின், தமிழோடும் ஆங்கிலத்தோடும் வங்கமொழியும் எழுதப்பட்டிருத்தலைக் காண்பர். மருந்துக்கடையிலும் உண்டிச்சாலையிலும் அவ்வெழுத்தே. 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே கட்டிலோடு தொடங்கிய மருத்துவச்சாலை கிறித்துவ மருத்துவக் கல்லூரியாய்ப் பெருகி நிற்க, அதனை நாடி மேற்கு வங்கத்தினின்றும், ஜார்க்கண்டு, அஸ்ஸாம், வங்காளதேசம் முதலிய இடங்களினின்றும் நோயாளரும் அவர்தம் உறவினரும் நாடோறும் காட்பாடி நிலையத்தில் வந்திறங்குகின்றனர். இவர்பொருட்டு வங்கம் எழுதுக என்று எவரும் கடைக்காரனுக்கு ஆணையிட்டிலர். எப்புலவரும் அவனுக்குப் பாடஞ் சொல்லிற்றிலர். மீன்குழம்பும் சோறும் உண்டென்பதை உண்பார் மொழியில் எழுதினாலன்றி அவர் உள்ளே வாரார் என்பது அவன் தானே கற்ற இலக்கணம்.

இஃது இக்காலத்துப் புதுவழக்கு என்று நம்மவருட் சிலர் எண்ணுகின்றனர். அன்று. இலங்கையிற் காலி என்னுந் துறைமுகப்பட்டினத்தில் 1911-ஆம் ஆண்டில் ஒரு கல் கண்டெடுக்கப்பட்டது. நீரோடும் மதகொன்றன்மேல் மூடுகல்லாய்க் கவிழ்ந்துகிடந்த அதனைப் புரட்டிப்பார்த்தபோது சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளிலும் எழுத்துக்கள் இருந்தன. இப்பொழுது அது கொழும்பு அரும்பொருட் காட்சிச்சாலையில் உள்ளது. மிங் மரபினனாகிய யுங்லோ பேரரசன் காலத்தில், 1409-ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டுச் செங் ஹோ என்னும் கடற்படைத் தலைவனால் மரக்கலத்தில் ஏற்றிவரப்பட்ட கல் அது. இக்கல்லை யாம் வகுப்பிற் பலகாலும் எடுத்துக்கூறுவதுண்டு. எனினும் அதன் நுட்பம் எமக்கே பிற்பட்டுத்தான் விளங்கிற்று.

மும்மொழியில் எழுதினர் என்பதன்று வியப்பு. சீனப்பகுதி புத்தர்பெருமானைப் போற்றுகின்றது. தமிழ்ப்பகுதியோ, தெவுந்தரையிற் கோயில்கொண்ட தெனவரை நாயனாரைப் போற்றி, அவர்க்குக் காணிக்கை செலுத்துகின்றது. பாரசீகப்பகுதி இசுலாமியர் வழிபாட்டுக்குரிய முறையில் அமைந்துள்ளது. காணிக்கையின் அளவு சீனத்திலும் தமிழிலும் ஒத்தே வருகின்றது: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, எண்ணெய் எனத் தொடரும். பேரரசன் ஒருவனே, கொடையும் ஒன்றே. ஆயின், படிப்பவன் எவனோ அவன் நெஞ்சிற்கு அணுக்கமானதையே அவ்வப்பகுதி பேசுகின்றது. சீனத்தை முதலில் எழுதிப் பின் சொல்லுக்குச் சொல் தமிழாக்கியிருப்பின், காலித்துறையில் நின்ற தமிழ் வாணிகன் அதனை வேற்றான் கல்லென்றே கடந்து போயிருப்பன்.

நம் முன்னோரும் இதனை அறியாதவரல்லர். சுமத்திராத் தீவின் பாரூசில் 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்றைத் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் தமிழிலேயே எழுதிவைத்தனர். அது தம் குழுவினர் தமக்குள் வகுத்துக்கொண்ட இறைமுறையாதலின் தமிழே அமைந்தது. சீனத்துச் சுவான்சௌ துறையில் 1281-ஆம் ஆண்டு சிவன்கோயிலெழுந்தருளுவித்த செய்தியைக் கூறுங் கல்லிலோ, தமிழுக்குக் கீழே சீன எழுத்தும் ஒருவரி காணப்படுகின்றது. கேட்பவன் மாறினான், மொழியும் உடன் வந்தது.

ஐரோப்பியர் வந்தபின் இந்நிலை திரிந்தது. சென்னையிலும் புதுச்சேரியிலும் துபாஷ் எனப்பட்டார் தோன்றினர். இருமொழியாளன் என்பது அச்சொற்குப் பொருள். வெள்ளையன் தமிழ் அறியான். நெசவாளியும் சிறுவாணிகனும் அவன் மொழியை அறியார். இடையே நின்றவன் இருவர்பாலும் பங்கு பெற்றான். 1747-ஆம் ஆண்டில் தூப்ளேயின் தலைமைத் துபாஷியாகிய ஆனந்தரங்கப் பிள்ளையின் செல்வமும் செல்வாக்கும் யாவரும் அறிந்தனவே. பிள்ளையவர்களை யாம் இகழ்ந்துரைக்கின்றோமல்லோம்; 1736 முதல் 1761 வரை நீளும் அவர்தம் நாட்குறிப்பு இல்லையேல் அக்காலத்து வரலாற்றிற் பெரும்பகுதி நமக்கு இருளே. ஆயினும், தறியில் அமர்ந்தவன் தன் துணியை வாங்கியவன் சொன்னது யாதென்று என்றேனும் நேரிற் கேட்டதுண்டோ?

இவ்வினாவை யாம் ஆம்பூரிலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோற்றொழிலும் நெடுநாள் இவ்வாறே நடந்தது. ஆவாரம்பட்டையிற் பதனிட்ட தோல் சென்னைப் பெரியமேட்டு மண்டிகட்குச் சென்றது. கடல்கடந்து இலண்டன் ஏலத்திற்கும் சென்றது. வாங்கியவனை இவன் கண்டிலன். பதனிட்டவன் பெயரை அவன் அறிந்திலன். 1973-ஆம் ஆண்டில் நடுவணரசு, பதனிடாத தோலையும் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலையும் வெளிநாட்டுக்கு ஏற்றுவதைக் கட்டுப்படுத்திய பின்னரே முழுதும் பதனிட்ட தோலும் காலணியும் இங்கே பெருகின. அரைப்பதத் தோலைக் கொள்வார் சிலர். அவர்க்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போதும். காலணி கொள்வாரோ ஜெர்மனியிலும் இத்தாலியிலும் பிற நாடுகளிலும் பல்லாயிரவர். அவருள் ஒருவன் இரவிலே தன் வீட்டில் அமர்ந்து கைபேசியில் காலணி தேடுகின்றான். அவன் முன் விரியும் இணையதளமே நம் கடைவாயில். அதன் எழுத்தே பெயர்ப்பலகை. யாம் பார்த்த அளவில், நம் ஊர்த் தளங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தோடு நின்றுவிடுகின்றன.

ஆங்கிலம் யாவர்க்கும் விளங்குமே எனின், விளங்குதல் வேறு, காசை எடுத்து வைத்தல் வேறு. சி.எஸ்.ஏ. என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2020-இல் 29 நாடுகளில் 8,709 பேரை வினவியபோது, நூற்றுக்கு நாற்பதின்மர் பிறமொழித் தளத்தில் தாம் பொருள் வாங்குவதே இல்லை என்றனர். நம் நாட்டிலும் 2016-இலேயே இணையத்தில் இந்திய மொழிகளிற் பழகுவோர் 23.4 கோடி, ஆங்கிலத்திற் பழகுவோர் 17.5 கோடி என்று கே.பி.எம்.ஜி.யும் கூகுளும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை கூறிற்று.

இனி, மொழிபெயர்ப்பு என்றவுடன் பொறியிடம் ஒப்புவித்துவிட்டு உறங்குவார்க்கு ஒன்று கூறுவோம். எம்பாற் பயின்ற மாணவரொருவர் சிறிய அளவிற் காலணி செய்து விற்பவர். சென்ற ஆண்டு தம் தளத்தைத் தமிழிலும் அமைத்து, 'ஐயா, ஒருமுறை பாருங்கள்' என்று எம்மிடம் காட்டினார். முதற்பக்கத்திலேயே 'முழுத் தானியத் தோல்' என்றிருந்தது. தோலின் மேற்புறத்தே மயிர்க்கண்களோடு இயல்பாய் அமைந்த வரியினை இத்தொழிலார் 'கிரெய்ன்' என்பர். பொறி அதனை நெல்லும் கேழ்வரகும் ஆக்கிவிட்டது. 'ரப்பர் சோல்' என்பது 'ரப்பர் மட்டும்' ஆயிற்று. தோற்காலணியை ரப்பர் மட்டும் என்றெழுதினால் வாங்குவார் யார்? யாம் நகைத்தோம், அவர் நகைத்திலர். அப்பக்கம் இரண்டு திங்களாய் வெளியில் இருந்ததாம்.

எழுத்துப்பிழை தீர்ந்தபின்னும் வேலை முடிந்தபாடில்லை. இங்கிலாந்தின் 8-ஆம் அளவு ஐரோப்பாவில் ஏறத்தாழ 42 என வழங்கும். சொல்லை மட்டும் ஜெர்மனாக்கி அளவை அப்படியே விடின், வந்த காலணி திரும்பியும் வரும். மேலும், ஜெர்மனிலே பக்கம் எழுதினால் ஜெர்மனிலே கேள்வி வரும். விடையெழுத ஆளில்லையேல் எழுதாதிருத்தலே நன்று. நம் சங்கத்து இளைஞருள் இருவர் மூவரேனும் அம்மொழிகளை முறையாகக் கற்பாராயின், மீண்டும் ஒரு துபாஷியைத் தேடி ஓடவேண்டுவதில்லை.

அம்மாணவர் இப்பொழுது வங்கமொழிப் பக்கம் ஒன்று அமைத்திருக்கின்றார். வேலூர்க்கு வருவோர் ஊர் திரும்புங்கால் ஆம்பூர்க் காலணி ஒன்று வாங்கிச் செல்வர் என்பது அவர் கணக்கு. வங்கம் எமக்குத் தெரியாது. ஆதலின், சென்ற ஞாயிறன்று இருவரும் அப்பக்கத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு வேலூர் விடுதியொன்றன் திண்ணையில், தம் தாயாரின் சிகிச்சைக்காக வந்து தங்கியிருந்த ஆசிரியரொருவரைக் கண்டோம். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெல்லப் படித்தார். மூன்றாம் வரியில் நின்று சிரித்தார். பின் எம் எழுதுகோலைக் கேட்டார்.