கச்சான் காலத்து ஓட்டம்: எமது பெண்பிள்ளைகளின் மைதான வரலாறு

நூற்றாண்டு மலர்களில் கட்டடங்களும் அதிபர்களும் பரீட்சைப் பெறுபேறுகளும் முதலிடம் பெறுவது வழக்கம். மைதானத்துக்குக் கடைசிப் பக்கமே மிஞ்சும். ஆயினும் மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையான கரையோர ஊர்களில் பெண்பிள்ளைகள் ஓடியதும், ஓட்டத்தை இடையில் நிறுத்திக்கொண்டதும் எமது கல்வி வரலாற்றின் ஒரு பகுதியே ஆகும்.

பெண்ணுக்கு ஓட்டம் ஆகாது என்ற எண்ணம் எமது ஊர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மெய்வல்லுநர் போட்டிகள் முதன்முதலாக இடம்பெற்றது 1928 இல், அம்ஸ்டர்டாம் நகரில்தான். அப்போதும் ஐந்து நிகழ்ச்சிகளே வழங்கப்பட்டன. 800 மீற்றர் ஓட்டம் பெண்களின் உடலுக்குத் தாங்காது என்று கூறி அடுத்த முறையே நீக்கினர். அது 1960 இலேயே திரும்பவும் சேர்க்கப்பட்டது. ஆனால் நபி (ஸல்) அவர்கள் தம் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் போட்டியில் ஈடுபட்டதையும், ஒரு முறை ஆயிஷா (ரலி) அவர்களே முந்தியதையும் ஹதீஸ் வழியாக நாம் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தோம்.

வேகத்தையும் சுறுசுறுப்பையும் வளர்க்கும் பயிற்சி எமக்குப் புதிதன்று. வளவு மணலில் கோடு கீறி ஆடிய கிளித்தட்டு அதற்குச் சான்று. கோட்டில் நின்று மறிப்பவரை ஒரு பக்கம் போக்குக்காட்டி மறுபக்கத்தால் பாய வேண்டும். ஓடிய வேகத்தில் நின்று, திரும்பி, மீண்டும் ஓட வேண்டும். இன்று பயிற்றுநர்கள் கூம்புகளை வைத்துக் கற்பிப்பதும் இதையே. கிளித்தட்டிலோ எதிரே நிற்பவரின் அசைவைப் பார்த்து நொடியில் முடிவெடுக்கும் பழக்கமும் சேர்ந்து வந்தது. ஆனால் பெரிய பிள்ளையானதும் அந்த ஆட்டம் பலருக்கும் நின்றுபோனது.

பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி முதலாந் தவணையில் வரும். எமது கரையோரத்தில் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து மைதானம் காய்வதற்கே தை மாதம் ஆகிவிடும். எனவே சில வார ஓட்டத்துடன் போட்டி முடிந்து, கிண்ணமும் கைமாறிவிடும். வலய, மாகாண, தேசிய மட்டங்களுக்குத் தெரிவாகும் பிள்ளைக்கு உண்மையான பயிற்சி வேண்டியது அதன் பின்னர், வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசும் வரண்ட மாதங்களில்தான். நடுவே வரும் விடுமுறையில் பிள்ளை வீட்டோடு இருந்துவிடுகிறாள். எமது பிள்ளைகள் பின்தங்குவது இந்த இடைவெளியால் என்பதே என் கருத்து. திறமையில் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர்.

இந்த இடைவெளியைக் கடற்கரையிலேயே நிரப்பியவர்களும் உண்டு. கேரளத்தின் பய்யோலி என்ற கரையோர ஊரைச் சேர்ந்த பி.டி.உஷா, பயிற்றுநர் ஓ.எம்.நம்பியாரின் வழிகாட்டலில் ஊர்க் கடற்கரை மணலில் ஓடிப் பழகியவர். 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கால் வெண்கலத்தைத் தவறவிட்டார். அதே ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் மொரோக்கோவின் நவால் எல் முதவக்கில். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் அரபுப் பெண் அவரே. 2006 தோஹா ஆசிய விளையாட்டு விழாவில் பஹ்ரைனின் ருகையா அல் கஸ்ரா தலையை மறைத்த உடையுடனேயே 200 மீற்றரில் தங்கம் வென்றார். உடை குறித்த கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

மணலில் ஓடுவதற்கும் முறை உண்டு. மென்மணலில் ஓட, இறுகிய தரையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சக்தி செலவாகும். கால் பலப்படும், மூட்டில் அதிர்வும் குறையும். ஆனால் பாதம் நிலத்தில் கூடுதல் நேரம் தங்குவதால், மணலில் மட்டும் பழகியவளின் உச்ச வேகம் கூடாது. ஆகவே இறுகிய தரையில் 20, 30 மீற்றர் குறும் ஓட்டங்களும், ஒவ்வொன்றுக்கும் இடையில் மூச்சு முற்றாகச் சீராகும் வரை ஓய்வும் அவசியம். பெண்பிள்ளைகளுக்கு முழங்கால் தசைநார்க் காயம் ஆண்பிள்ளைகளைவிட அதிகம் ஏற்படுவதால், பாய்ந்து இறங்கும்போது முழங்கால் உள்நோக்கி மடங்காமல் நிற்கவும் பழக்க வேண்டும். கச்சான் வெயிலில் நண்பகல் ஓட்டம் ஆபத்தானது. சுபஹுக்குப் பின்னும் அஸருக்குப் பின்னுமே பொருத்தமான வேளைகள். தண்ணீர் கையோடு இருக்க வேண்டும்.

அந்தக் கடற்கரையும் எமக்கு எப்போதும் கிடைத்ததல்ல. யுத்த காலத்தில் விடியலிலும் மாலையிலும் வெளியில் போகவே பெற்றோர் அஞ்சினர். பின்னர் 2004 டிசம்பர் 26 வந்தது. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது எமது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் வகுப்புத் தோழியரை இழந்தவர்கள் எம்மில் பலர். கடலைத் திரும்பிப் பார்க்கவே தயங்கிய தாய்மாரிடம், பிள்ளையை அங்கு ஓட அனுப்புங்கள் என்று யார்தான் கேட்க முடியும்? அந்தத் தயக்கத்தை மதித்தே எதையும் தொடங்க வேண்டும்.

உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் வாழும் பழைய மாணவிகள் நூற்றாண்டு நினைவாக எதையேனும் செய்ய விரும்புகின்றனர். சுவட்டு மைதானம் அமைப்பது எம் கைக்கு எட்டாத செலவு. விடுமுறைக் காலத்துக்கு ஒரு பெண் பயிற்றுநரின் கொடுப்பனவு, பாடசாலை மதிலுக்குள்ளேயே பயிற்சி, இருபது சோடி ஓட்டச் சப்பாத்து, தாய்மாரும் வந்து அமர ஒரு நிழல்: இவை எம்மால் முடிந்தவை. ஒரு வருடத்துடன் நின்றுவிடாமல், பதினான்கு, பதினைந்து வயதைத் தாண்டியும் ஒரு பிள்ளை ஓட்டத்தைத் தொடர இது வழி செய்தால், அடுத்த மலரை எழுதுவோர் மைதானத்துக்குக் கடைசிப் பக்கத்தை ஒதுக்க மாட்டார்கள், இன்ஷா அல்லாஹ்.