நொஸ்பெராட்டு புகுந்த நகரம்

ஜேர்மனியின் போல்ரிக் கரையிலுள்ள விஸ்மார் நகரில், துறைமுகத்தை நோக்கியவாறு பழைய மதில்வாயில் ஒன்று நிற்கின்றது. 1922 இல் வெளிவந்த ‘நொஸ்பெராட்டு’ என்னும் மௌனப்படத்தில், இரத்தம் குடிக்கும் பிரபு தன் சவப்பெட்டியைத் தானே சுமந்து இவ்வாயிலினூடாகவே நகரினுட் புகுகின்றான். அதனைக் காணத் திரைப்பட அன்பர்கள் இன்றும் வருகின்றனர். அவ்வருகையை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதல் வரலாற்று மாணவனுக்குப் பொருந்தாது.

1920 இல் வெளியான ‘டாக்டர் கலிகாரி’ படத்தின் கோணல் வீதிகள் யாவும் தீட்டப்பட்ட திரைகளே. அவற்றைத் தேடி எவரும் எவ்வூருக்கும் போதல் இயலாது. ‘நொஸ்பெராட்டு’வின் நெறியாளர் முர்ணவ் 1921 இல் கமராவை வெளியே கொண்டுசென்றார். ஸ்லோவாக்கியாவின் ஓரவாக் கோட்டை பிரபுவின் உறைவிடமாயிற்று. லூபெக் நகரில் உப்பு வணிகர் எழுப்பிய பண்டகசாலைகள், அவன் விலைக்கு வாங்கும் பாழ்மனையாயின. விஸ்மாரையும் லூபெக்கையும் இணைத்தே ‘விஸ்போர்க்’ என்ற கற்பனை நகரை அவர் ஆக்கினார். வீதிகள் உண்மையானவை, நகரோ பொய். படத்தைச் சான்றாகக் கொள்வோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. நேரிற் சென்று பார்ப்பவனுக்கே இது தெளிவாகப் புலப்படும்.

ஸ்ரோக்கரின் ‘ட்ரகுலா’ நாவலை உரிமை பெறாது தழுவியமையால் அவர் மனைவியார் வழக்குத் தொடர்ந்தார். 1925 இல் பிரதிகளை அழிக்குமாறு தீர்ப்பாயிற்று. எனினும் சில பிரதிகள் தப்பிப் பிழைத்தன. நகரங்களின் கதி வேறு. 1942 மார்ச்சில் ஒரே இரவுக் குண்டுவீச்சில் பழைய லூபெக்கின் ஒரு பகுதி எரிந்தது. படத்தின் முதற்காட்சி விஸ்மார் சந்தைச் சதுக்கத்தை மரியன்னை தேவாலயக் கோபுரத்திலிருந்து நோக்குவதாகும். அத்தேவாலயம் 1945 ஏப்ரலிற் குண்டுகளாற் சிதைந்தது; எஞ்சிய சுவர்களைக் கிழக்கு ஜேர்மன் ஆட்சி 1960 இல் வெடிவைத்துத் தகர்த்தது. கோபுரம் மட்டும் தனித்து நிற்கின்றது. போருக்கு முந்திய அந்நகரின் அசையும் காட்சிகளை ஒரு பேய்ப்படத்தில் தேடவேண்டியிருப்பது விந்தையே. காற்றில் அசையும் மரக்கிளையும் வீதியின் வெயிலும் கட்டட வரைபடங்களிற் கிடைப்பனவல்ல.

1979 இல் இக்கதையை மீண்டும் படமாக்கிய ஹேர்சொக், தம் நகருக்கு விஸ்மார் என்றே பெயரிட்டார். ஆயினும் உண்மை விஸ்மார் அப்பொழுது கிழக்கு ஜேர்மனியில் இருந்தது. நகர வீதிகளுக்காக அவர் ஒல்லாந்தின் டெல்வ்ற் நகரை நாடினார். உப்புப் பண்டகசாலைகளுக்கு மட்டும் லூபெக்குக்கே திரும்பிச் சென்றார்.