பதின்மூன்றாம் முனையில் ஒரு விளக்கு

உள்ளங்கையில் அடங்கும் ஒரு நீல அட்டை. அதைக் கம்பி ஒன்றால் கணிப்பொறியோடு இணைத்து, ஏழெட்டு வரிகள் எழுதி, ஒரு பொத்தானை அழுத்துகிறோம். சில நொடிகளில், 13 என்று எண்ணிட்ட முனையோடு சேர்ந்த சிறு விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது. ஆர்டுயினோ பலகையை வாங்கும் எவரும் முதன்முதலில் செய்து பார்ப்பது இதுதான். இந்த எளிய தொடக்கம் வாய்க்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின.

செயலி, நினைவகம், வெளியுலகோடு தொடர்பு கொள்ளும் முனைகள் ஆகிய மூன்றும் ஒரே சில்லில் அமைந்தால் அது நுண்கட்டுப்படுத்தி எனப்படும். 1976-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8748 அவ்வகையில் ஒன்று. அதன் முதுகில் ஒரு சாளரம் இருக்கும். எழுதிய நிரலை அழிக்க வேண்டுமானால் அதன் வழியே புற ஊதாக் கதிர்களைச் செலுத்த வேண்டும். சாதாரணக் கண்ணாடி அக்கதிர்களைத் தடுத்துவிடும் அல்லவா? ஆகவே சாளரத்தைக் குவார்ட்சால் செய்தார்கள். நிரலில் ஒரு பிழை நேர்ந்தால் சில்லைக் கழற்றி, கால் மணி நேரம் விளக்கடியில் வைத்து, தனிக்கருவியில் மீண்டும் எழுதி, திரும்பப் பொருத்த வேண்டும். பிழை செய்து கற்க வேண்டிய மாணவனுக்கு இது எத்தகைய தண்டனை!

நான் எம்.எஸ்ஸி. படித்தபோது எங்களுக்குக் கிடைத்தது 8085 நுண்செயலிப் பயிற்சிப் பெட்டி. நிரலைப் பதினாறடிமான எண்களாக ஒவ்வொன்றாய்த் தட்ட வேண்டும். ஒருநாள் நாற்பது எண்களுக்கு மேல் தட்டி முடித்த வேளையில் மின்சாரம் போயிற்று. நிரலும் கூடவே போயிற்று.

1992-இல் அமெரிக்காவின் பாரலாக்ஸ் நிறுவனம் பேசிக் ஸ்டாம்ப் என்ற பலகையைக் கொண்டுவந்தது. பேசிக் மொழியில் எழுதினால் போதும். ஆனால் விலை அதிகம், வேகமும் குறைவு. நார்வே மாணவர் இருவர் வடிவமைத்த ஏ.வி.ஆர். சில்லுகளை அட்மெல் நிறுவனம் 1997-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவற்றின் நினைவகத்தை மின்சாரத்தாலேயே அழித்து, ஆயிரக்கணக்கான முறை திரும்ப எழுதலாம். குவார்ட்ஸ் சாளரத்துக்கு இனி வேலையில்லை.

ஆயினும் பொறியியல் படிக்காதவருக்கு அந்தச் சில்லின் மொழி புரியாது. இங்குதான் இத்தாலியின் இவ்ரேயா நகரம் வருகிறது. ஒலிவெட்டித் தட்டச்சுப் பொறிகளின் பிறப்பிடமான அவ்வூரில், 2001-இல் வடிவமைப்புக் கல்விக்கூடம் ஒன்று தோன்றியது. கொலம்பியாவிலிருந்து வந்து அங்கே படித்த எர்னாந்தோ பராகான் என்ற மாணவர், 2003-இல் தம் முதுகலை ஆய்வுக்காக வயரிங் என்ற பலகையையும் அதற்கான மொழியையும் உருவாக்கினார். மாசிமோ பான்சியும் கேசி ரியாசும் அவருடைய வழிகாட்டிகள். பதிவேடுகளின் பெயரையும் அவற்றிலுள்ள பிட்டுகளின் இடத்தையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. முனை உள்ளீட்டுக்கா வெளியீட்டுக்கா என்று அமைக்கப் 'பின்மோடு', ஏற்றவோ அணைக்கவோ 'டிஜிட்டல்ரைட்', காத்திருக்க 'டிலே' என்று எழுதினால் போதும். என் கருத்தில், தொடங்குவோரின் வாசலைத் திறந்தவை இந்தச் சொற்களே.

2005-இல் பான்சி, டேவிட் குவார்ட்டியேயஸ், டேவிட் மெல்லிஸ் ஆகியோர் வயரிங்கை விலை மலிவான ஏ.டி.மெகா8 சில்லுக்கு ஏற்ப அமைத்து, தனித் திட்டமாக வளர்த்தனர். அதில் நிரலுக்கு உரிய இடம் 8 கிலோபைட்டுதான். விளக்கைச் சிமிட்ட அது தாராளம். பலகையின் வரைபடத்தையும் எல்லோரும் பயன்படுத்தத் திறந்து விட்டனர். பான்சி வழக்கமாகச் செல்லும் மதுக்கடையின் பெயரே பலகைக்கு வாய்த்தது. அக்கடையோ, 1002-இல் இத்தாலியின் அரசனாக முடிசூடிய ஆர்டுயினின் பெயரைத் தாங்கியது.

பராகான் அக்குழுவில் இல்லை. வயரிங் திறந்த உரிமத்தில் வெளியானது. எனவே எடுத்தாண்டதில் சட்டக் குற்றமில்லை. ஆனால் பல்லாண்டுகள் ஆர்டுயினோவின் பிறப்பைச் சொன்னவர்கள் மதுக்கடையைச் சொன்னார்கள், மாணவரை விட்டுவிட்டார்கள். 2016-இல் பராகானே தம் தரப்பை விரிவாக எழுதி வெளியிட்டார்.

உங்களிடம் பலகை இருந்தால் அந்த முதல் நிரலைத் திறந்து பாருங்கள். 'டிலே' என்ற சொல்லை அடுத்து 1000 என்றிருக்கும். அது மில்லிநொடிக் கணக்கு. இரண்டு இடத்திலும் அதை 200 ஆக்கி மறுபடி ஏற்றுங்கள். விளக்கு படபடக்கும். நீங்கள் கைவைத்த அந்தச் சொல் பராகானின் வயரிங்கிலிருந்து வந்தது.