மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ்: ஆய்வின் போக்குகள்

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் நோய் எதிர்ப்பாற்றலே தாக்கிச் சிதைப்பதால் வரும் நோய் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்றும் வழங்குவர். மூளையையும் விட்டுவைக்காத நோய்க்கு அந்தப் பெயர் சற்றுக் குறுகியதே. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது.

இதன் ஆய்வு பிணவறையில் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் ராபர்ட் கார்ஸ்வெல், பிரான்சின் ழான் குருவேலியே இருவரும் 1830களை ஒட்டி, இறந்தோரின் தண்டுவடத்தில் கண்ட தழும்புகளைப் படமாக வரைந்து வைத்தனர். அந்தத் தழும்பையும் உயிரோடிருந்தபோது நோயாளி பட்ட பாட்டையும் இணைத்து, 1868இல் இதைத் தனி நோயாக நிறுவியவர் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையைச் சேர்ந்த ழான் மார்ட்டின் ஷார்கோ. உறை அழிந்தாலும் உள்ளிழை பெரிதும் தப்பிவிடுகிறது என்பதையும் அவர் குறித்தார். ஏன் அழிகிறது என்பதற்கு விடை கிடைக்கவில்லை.

அடுத்த திருப்பம் வெறிநாய்க்கடி ஊசியிலிருந்து வந்தது. விலங்குகளின் நரம்புத் திசுவில் தயாரான அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குக் கை கால் செயலிழந்தது. (தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசியை நம் ஊர்ப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்த மருந்து நம் குன்னூரிலும் தயாரானது. இந்தியா அதை 2005 வாக்கில் கைவிட்டது.) காரணம் தேடிய நியூயார்க் ராக்பெல்லர் நிறுவனத்தின் தாமஸ் ரிவர்ஸ், 1930களில் முயல் மூளைக் கரைசலைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசியேற்றினார். கிருமி ஏதும் இல்லாமலே அவற்றின் மயலின் அழிந்தது. ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கத்தக்க அந்த விலங்கு நோய்தான் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தத் துறையை ஆண்டது.

அதனால் விளைந்த நன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1960களின் இறுதியில் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மைக்கேல் செலா, ரூத் ஆர்னன், டெவோரா டைட்டல்பாம் மூவரும் மயலின் புரதத்தைப் போன்ற செயற்கைச் சேர்மங்களை, அந்த நோயை உண்டாக்கிப் பார்க்கவே தயாரித்தனர். நோய் வரவில்லை. மாறாக, வரவேண்டிய நோயையும் அவை தடுத்தன. தோற்றுப்போன அந்தச் சோதனையின் பிள்ளைதான் 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கிளாடிராமர் அசிடேட்.

ஆனால் அந்த விலங்கு நோயே ஆய்வாளர்களின் கண்ணையும் கட்டியது. விலங்கு நோயை நடத்துபவை டி செல்கள் என்னும் எதிர்ப்பு அணுக்கள் என்பதால் மனித நோய்க்கும் அவையே காரணம் என்று நெடுங்காலம் நம்பினர். கலிபோர்னியாவின் ஸ்டீபன் ஹாசர் மற்றொரு வகை எதிர்ப்பு அணுக்களான பி செல்களைக் குறிவைத்தபோது பலரும் ஐயுற்றனர். 2008இல் வெளியான சோதனை முடிவு அவர் பக்கம் நின்றது. அந்த வழியில் வந்த ஒக்ரெலிசுமாப் 2017இல் ஒப்புதல் பெற்றது. இடைவிடாமல் முற்றும் வகைக்கு முதல் மருந்தும் அதுவே.

இதற்கிடையே 1981இல் எம்.ஆர்.ஐ. படம் இந்நோய்க்கு வந்து சேர்ந்தது. வெளியே ஒரு தொல்லையும் தெரியாத காலத்திலும் மூளைக்குள் புதுத் தழும்புகள் முளைப்பதை அது காட்டியது. மருந்துச் சோதனைகளின் வேகம் கூடியது. 1993இல் நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா வந்தபோது, தேவைக்கு இருப்பு போதாமல் அமெரிக்காவில் குலுக்கல் முறையில் வழங்கினர். எல்லா நம்பிக்கையும் பலித்துவிடவில்லை. கழுத்துச் சிரை ரத்தக் குழாய் அடைப்பே காரணம் என்று 2009இல் இத்தாலியின் பாலோ சம்போனி கிளப்பிய கருத்தை நம்பிப் பலர் குழாயை விரிவாக்கிக்கொண்டனர். முறையான சோதனையில் பலன் ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

மூலகாரணத் தேடல், மரபணு ஆய்வில் 200க்கும் மேற்பட்ட இடங்களைச் சுட்டியபின், ஒரு கிருமியிடம் வந்து நின்றது. ஹார்வர்டின் ஆல்பர்டோ அஸ்கெரியோ குழு, ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பதிவுகளையும், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு எடுத்துச் சேமித்திருந்த ரத்தத்தையும் துழாவியது. நோய் கண்டவர்களில் 35 பேருக்குத் தொடக்கத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்று இல்லை. அவர்களில் 34 பேரை நோய் தொடங்குமுன்பே அந்த வைரஸ் தொற்றியிருந்தது. தொற்றியபின் நோய்வரும் வாய்ப்பு 32 மடங்கு. 2022இல் வந்த இந்த முடிவு வலுவானது; ஆயினும் வளர்ந்தவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் இந்த வைரஸ் உண்டு, நோய் வருவதோ மிகச் சிலருக்கே.

ஆசியாவுக்குத் தனி முக்கியத்துவம் உள்ள கண்டுபிடிப்பு 2004இல் நிகழ்ந்தது. பார்வை நரம்பும் தண்டுவடமும் முக்கியமாகப் பாதிக்கப்பட்ட நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் தனி எதிர்ப்பொருள் ஒன்றை அமெரிக்காவின் வாண்டா லென்னன் குழு கண்டது. நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்னும் வேறு நோய் அது. ஜப்பானிலும் இந்தியாவிலும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்று எண்ணியிருந்த பலருக்கு இருந்தது இதுதான். இன்டர்ஃபெரான் கொடுத்தால் இது மோசமாகவும் கூடும்.

இன்றைய ஆய்வு, தாக்குதலை அடக்குவதிலிருந்து பழுதைச் சீராக்குவதை நோக்கித் திரும்பியுள்ளது. சிதைந்த மயலினை மீண்டும் வளர்க்கும் மருந்து எதுவும் இன்னும் ஒப்புதல் பெறவில்லை.