பாதியில் திரும்பும் கோடு

உயர்தரத்தில் கணிதம் படிச்ச எங்களில் பலருக்கு இரண்டாம் பெறுதி என்பது பரீட்சையோடு முடிஞ்சுபோன விசயம். ஆனால், ஒரு நாட்டில் அதிகபட்சம் எத்தனை பேர் வாழலாம் என்ற கேள்விக்கு அதை நம்பிப் பதில் சொன்ன காலமும் இருந்தது.

தடையில்லாமல் விட்டால் சனத்தொகை பெருக்கல் விருத்தியில் கூடும் என்று 1798இல் தோமஸ் மல்தஸ் எழுதினார். சரி, அந்தத் தடை எப்படி வேலை செய்யும்? 1838இல் பிரசெல்சைச் சேர்ந்த பியர் பிரான்சுவா வெர்ஹல்ஸ்ட் இதற்கு ஒரு வகையீட்டுச் சமன்பாட்டை முன்வைத்தார். வளரும் வேகம் இரண்டு விசயங்களின் பெருக்கத்தில் தங்கியிருக்கும்: இப்போது உள்ள சனத்தொகை, எல்லைக்கு இன்னும் மிச்சமுள்ள இடம். அது எந்த ஆண்டு என்பது சமன்பாட்டுக்குள் நேரடியாக வரவே வராது.

இப்படியான சமன்பாடுகளில் ஒரு வசதி இருக்கு. தீர்வு காணாமலே இரண்டாம் பெறுதியை எடுக்கலாம். வேகத்தைச் சனத்தொகை குறித்து வகையிட்டு, வந்ததை வேகத்தாலேயே பெருக்கினால் சரி. சங்கிலி விதிதான்.

எல்லை 100 என்று வைப்பம். மாறிலியை விட்டுவிட்டால், 20இல் வேகம் 20 × 80 = 1600. 50இல் 2500. 80இல் திரும்பவும் 1600. ஆக, 50 வரை இரண்டாம் பெறுதி நேர், அதற்குப் பிறகு மறை, சரியாகப் பாதியில் பூச்சியம். நாங்கள் படிச்ச விபத்திப் புள்ளி இதுதான். அது எங்கே எண்டு தெரிஞ்சால், இரண்டால் பெருக்கி எல்லையைச் சொல்லலாம்.

1920இல் அமெரிக்காவில் ரேமண்ட் பேர்லும் லோவல் ரீடும், வெர்ஹல்ஸ்டை அறியாமலே, இதே வளைகோட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். 1790 முதல் 1910 வரையான குடிசனக் கணக்கெடுப்புகளுக்கு அதைப் பொருத்தினார்கள். விபத்திப் புள்ளி 1914இல், ஏறக்குறைய 98.6 மில்லியனில் வந்தது. ஆகவே எல்லை 197 மில்லியன்.

ஆண்டுகளைக் கவனியுங்கோ. கோட்டைப் பொருத்திய தரவு 1910இல் முடியுது. திரும்பும் இடமோ 1914. அதாவது அவர்களிடம் இருந்த தரவு முழுவதும் கோட்டின் முதற் பாதிக்குள்தான். மற்றப் பாதியை நிரப்பியது சமன்பாடு.

1970 கணக்கெடுப்பில் அமெரிக்கச் சனத்தொகை 203 மில்லியன். 2020இல் 331 மில்லியன். வெர்ஹல்ஸ்டுக்கும் இதே கதைதான். பெல்ஜியத்தின் எல்லை 6.6 மில்லியன் என்று 1845இல் சொன்னவர், தடை பற்றிய எடுகோளை மாற்றி 1847இல் 9.4 மில்லியன் என்றார். இன்று அங்கே 11 மில்லியனுக்கு மேல்.

வகையிட்டதில் பிழையில்லை. எல்லை மாறாது என்ற எடுகோள்தான் நிற்கவில்லை. குடிவரவு, விவசாயம், மருத்துவம், பிறப்பு வீதம் எல்லாம் அதை நகர்த்தும். "இந்த நாடு இவ்வளவு பேரைத்தான் தாங்கும்" எண்டு யாராவது வளைகோட்டோடு வந்தால், முதலில் நாங்கள் கேட்க வேண்டியது ஒன்று: உங்கட தரவு திரும்பும் புள்ளியைத் தாண்டிட்டுதா, இல்லையா?